சேலத்துத் தரைக்கு ஒரு பயிற்சி விமானம்: ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைப் பூட்டுதலும் திருத்துதலும்

பெட்டியோடு வரும் கையேடு, விமானம் புல் வெட்டிய சமதளத்தில் ஓடி எழும்பி அதே சமதளத்தில் வந்து இறங்கும் என்று எண்ணி எழுதப்பட்டது. சேலத்தில் நமக்கு வாய்ப்பதோ வற்றிய ஏரிப்படுகை, அறுவடை முடிந்த காடு, சரளைக்கல் பரவிய புறம்போக்கு, இவற்றைச் சுற்றிலும் சீமைக்கருவேலம். கையேட்டில் உள்ளபடியே பூட்டி முடித்த என் முதல் விமானம் வானத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பறந்தது. இறங்கும்போது, ஏரிமண் காய்ந்து பிளந்திருந்த ஒரு சாண் வெடிப்பில் முன்சக்கரம் இறங்கி, சக்கரத்தோடு மூக்கும் மூக்கோடு மோட்டாரும் பெயர்ந்து தனியாகக் கிடந்தன. அதற்குப் பிறகு பூட்டிய ஒவ்வொரு விமானத்திலும் நான் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் தரைக்காகவும் வெயிலுக்காகவும் செய்யப்படுபவையே. வேகத்துக்காகவோ அழகுக்காகவோ முதல் விமானத்தில் கை வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இங்கே நான் அடிப்படையாக எடுத்துக்கொள்வது 1.4 மீட்டர் இறக்கை நீளமும், 22 செ.மீ. இறக்கை அகலமும், பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ 1.3 கிலோ எடையும் உள்ள ஃபோம் விமானம். இறக்கை உடலுக்கு மேலே அமைந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது அதன் இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்க வேண்டும். டைஹெட்ரல் எனப்படும் இந்த உயர்வினால்தான், கைதவறிச் சாய்ந்துவிட்ட விமானம் நாம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் குச்சியை விட்டதும் தானாக நிமிர்கிறது. பால்சா மரத்தில் செய்த விமானங்கள் காற்றில் இன்னும் நேர்த்தியாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் விழுந்தால் ஃபோமை அன்று மாலையே ஒட்டிவிடலாம், பால்சாவுக்கு ஒரு வாரம் உட்கார வேண்டும். மெத்தனால் எரிபொருளில் ஓடும் என்ஜின் வைத்த பழைய விமானம் யாரிடமிருந்தாவது கைக்கு வந்தால், அதை மின்மோட்டாருக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. எரிபொருளைத் தேடி அலைவதில் பறக்கும் நாள்கள் கரைந்துவிடும்.

பெட்டியைத் திறந்ததும் பசையை எடுக்காதீர்கள். இறக்கையின் இரு பாதிகளையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். வீட்டுச் சமையலறைத் தராசு போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நான் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது, “ஏனுங்க தம்பி, தெர்மாகோலுக்குப் போயி மில்லி பார்க்கறீங்களா?” என்று சிரித்துக்கொண்டேதான் தராசைத் துடைத்துக் கொடுத்தார். வலப் பாதி 9 கிராம் கூடுதலாக இருந்தது. மில்லிகிராம் வரை பார்க்க வேண்டியதில்லை என்றாலும், ஐந்து கிராமுக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் இலேசான இறக்கையின் நுனியில் சிறு ஈயத்துண்டைப் புதைத்துச் சரிக்கட்ட வேண்டும். எடை நுனியில் இருப்பதால் வேறுபாட்டில் பாதிக்கும் குறைவான ஈயமே போதும்.

அடுத்து, பாதிகளை இணைக்கும் கார்பன் குழாயைச் செருகி, சமமான மேசைமேல் இறக்கையை வைத்து, பின்விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பாதி முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சித்திரை மாத நண்பகலில், அஸ்தம்பட்டியில் காரை வெயிலில் நிறுத்தி, பின்கண்ணாடி ஓரம் இறக்கையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேலையாய்ப் போய்வந்த நான், மறுநாள் விமானம் விடாமல் இடப்பக்கமே சாய்வதைக் கண்டு சர்வோவையும் (இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டார்) ரிசீவரையும் (ரேடியோ கட்டளையை வாங்கும் கருவி) மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு எல்லாம் இறக்கையின் நுனியில் ஏறியிருந்த ஐந்து மி.மீ. முறுக்கில் இருந்தது. இத்தகைய முறுக்கை எடுப்பது எளிது. முடி உலர்த்தும் கருவியின் சூட்டையோ, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் நனைத்த துணியையோ அந்த இடத்தில் காட்டி, ஃபோம் இளகியதும் எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாகவே முறுக்கி, ஆறும் வரை கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். முறுக்கு வந்த பிறகு எடுப்பதைவிட, மூடிய காருக்குள் விமானத்தையோ பேட்டரியையோ விட்டுவைக்காமல் இருப்பது மேல்.

பசையைப் பற்றி ஒரு சொல். ஐந்து நிமிட எபாக்ஸி என்று குழாயில் அச்சிட்டிருந்தாலும், நம் ஊர்க் கோடையில் அது மூன்றே நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். ஆகவே முக்கியமான இணைப்புகளுக்கு முப்பது நிமிட எபாக்ஸியைப் பயன்படுத்தி, சரிபார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தெர்மாகோல் வகை ஃபோமில் உடனொட்டிப் பசை பட்டால் அது பொருளையே கரைத்துவிடும். சற்று ரப்பர் போல வளையும் ஈபீஓ வகை ஃபோமுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த வகை என்று ஐயமிருந்தால், உள்ளே மறையும் ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வாலை ஒட்டும் வேலை பத்து நிமிடம்தான். அளக்கும் வேலை அரை மணி. கிடைவாலின் இரு நுனிகளிலிருந்தும் மூக்கின் நடுப்புள்ளிக்கு ஒரு நூலைப் பிடித்து, இரண்டு நீளமும் ஒன்றாக வரும்வரை திருப்பிக்கொள்ளுங்கள். பின்னர் இறக்கையைப் பூட்டி, பின்னாலிருந்து பார்த்து, வாலும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். நிலைவால் கிடைவாலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பள்ளிக்கூடப் பெட்டியிலுள்ள முக்கோண அளவுகோல் இதற்குப் போதும்.

சர்வோக்களை இணைக்கும்போதுதான் புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இணைத்து, எல்லா டிரிம்மையும் (நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) நடுவில் வைத்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து அது தன் நடுநிலைக்கு வந்த பிறகே அதன் கையைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும். மின்சாரம் இல்லாத சர்வோவில் கையைப் பொருத்திவிட்டுப் பிறகு டிரிம்மால் சரிசெய்வது, வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரத்தை நகர்த்துவது போன்றது. மோட்டாரைத் தொடும் எந்தச் சோதனைக்கும் முன்பாக ப்ரொப்பெல்லரைக் கழற்றி மேசையின் மறுமூலையில் வைத்துவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

சர்வோவின் அசைவைக் கடத்தும் கம்பியான புஷ்ராடை சர்வோ கையின் உட்பக்கத் துளையிலும், அசையும் பரப்பில் பொருத்திய ஹார்ன் என்னும் கொம்பின் வெளிப்பக்கத் துளையிலும் மாட்டினால் அசைவு குறைந்து, வலுவும் நுணுக்கமும் கூடும். கடையிலிருந்து வரும் விமானங்களில் பெரும்பாலும் இது நேர்மாறாகவே மாட்டப்பட்டிருக்கும். முதல் பறத்தலுக்குக் கிடைவாலில் அசையும் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலும் கீழும் 10 மி.மீ., இறக்கையில் அசையும் ஐலரான் மேலே 10 மி.மீ., கீழே 6 மி.மீ., நிலைவாலில் அசையும் ரட்டர் இருபுறமும் 20 மி.மீ. என்று வைத்தால் கைக்கு அடங்கும். ஐலரானுக்கு மட்டும் மேலசைவைக் கூடுதலாகவும் கீழசைவைக் குறைவாகவும் வைப்பதற்குக் காரணம் உண்டு. கீழிறங்கும் ஐலரான், மேலேறுவதைவிடக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது. அதனால் வலப்பக்கம் திரும்ப நினைத்துச் சாய்க்கும்போது மூக்கு முதலில் இடப்பக்கம் விலகும். தட்டையான அடிப்பரப்புள்ள பயிற்சி இறக்கைகளில் இது நன்றாகவே தெரியும். இரண்டு ஐலரானுக்கும் தனித்தனி சர்வோ இருந்தால் டிரான்ஸ்மிட்டரிலேயே இதை அமைத்துவிடலாம். ஒரே சர்வோ என்றால் கையின் துளைகளை சற்று முன்தள்ளிய கோணத்தில் தேர்ந்துகொள்ள வேண்டும். குச்சி நடுவருகே இருக்கும்போது அசைவைக் குறைக்கும் எக்ஸ்போ என்னும் மென்மையாக்கலை முப்பது விழுக்காடு வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரைப் பொறுத்தவரை கணக்கு எளியது. பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 150 வாட் இருந்தால் பறக்கும். 220 வாட் இருந்தால் சரளைத் தரையிலிருந்து தயங்காமல் எழும்பும். நம் 1.3 கிலோவுக்கு 285 வாட் அளவு வருகிறது. ஆயிரம் கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஆயிரம் சுற்று) அளவுள்ள மோட்டார், 10×5 ப்ரொப்பெல்லர் (10 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 5 அங்குல முன்னேற்றம்), மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்று வைத்து, வாட்மீட்டரில் பார்த்தால் 11 வோல்ட்டில் 26 ஆம்பியர் அளவில் வந்து நிற்கும். இதற்கு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான இஎஸ்சி 40 ஆம்பியரில் இருந்தால் தாராளம். 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரியில் எண்பது விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துவது என்று வைத்து, சராசரி 12 ஆம்பியர் இழுத்தால் எட்டு நிமிடம் கிடைக்கும். தரையிறங்கும் முயற்சி இரண்டு மூன்று முறை தவறக்கூடும் என்பதால் டைமரை ஆறு நிமிடத்தில் வையுங்கள்.

மோட்டாரைப் பொருத்தும் தட்டு நேராக இருக்கக் கூடாது. மேலிருந்து பார்க்கையில் இரண்டு டிகிரி வலப்பக்கமும், பக்கவாட்டில் பார்க்கையில் இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் மூக்கு மேலே தூக்கி இடப்பக்கம் இழுக்கும். கோணமானி தேவையில்லை. திருகுகளுக்கிடையே 30 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒரு பக்கத்தில் ஒரு மி.மீ. வாஷர் வைப்பது கிட்டத்தட்ட இரண்டு டிகிரிக்குச் சமம்.

இஎஸ்சிக்குக் காற்றுப் போக்கு அமைப்பது வெயிலுக்கான திருத்தங்களில் முதன்மையானது. பல விமானங்களில் மூக்கில் காற்று நுழைய வழி இருக்கும், வெளியேற வழி இராது; நுழைந்த காற்று உள்ளே தேங்கி நிற்கும். உடலின் அடியில், இறக்கைக்குப் பின்னால், நுழைவாயைப்போல் இருமடங்கு பரப்புள்ள ஒரு துளையைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். இஎஸ்சியை ஃபோமோடு ஒட்டி மூடிவிடாமல் காற்றோட்டப் பாதையில் நிற்கும்படி வெல்குரோவால் கட்டுங்கள். இறங்கியதும் இஎஸ்சியையும் மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் ப்ரொப்பெல்லரை ஓர் அளவு குறைக்க வேண்டும்.

இனி சக்கரம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்றும் சொல்லலாம்.

பெட்டியில் வரும் சக்கரங்கள் 50 மி.மீ. விட்டமுள்ளவையாக இருக்கும். சரளைக்கல்லின் மேல் ஏறி இறங்க வேண்டிய சக்கரத்துக்கு அந்த விட்டம் போதாது; கல் அச்சின் பாதி உயரத்தைத் தொடும்போதே விமானம் நின்று குப்புறச் சாய்ந்துவிடும். 75 அல்லது 80 மி.மீ. விட்டமுள்ள இலேசான ஃபோம் சக்கரங்களை வாங்கி மாற்றுங்கள். எடை நாற்பது கிராம் கூடினாலும் தவறில்லை. சக்கரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி 3 மி.மீ. தடிமனாக இருந்தால் அதை 4 மி.மீ. ஆக மாற்றலாம், கம்பியின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் இந்த ஒரு மி.மீ. மூன்று மடங்கு விறைப்பைத் தந்துவிடும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கம்பி வளையாமல் நின்றால், அது வாங்கிய அடி முழுவதும் ஃபோமுக்குள் போகும். கம்பிக்குப் பதிலாக விமானத்தின் வயிறு கிழியும். ஆகவே கம்பியைத் தடிப்பாக்குவதற்கு முன்னால் அது உட்காரும் இடத்தைப் பலப்படுத்த வேண்டும்.

அதைச் செய்யும் முறை இது. சக்கரக் கம்பி செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டை மெல்ல நெம்பி எடுங்கள். அதைச் சுற்றி 8 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் 3 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளத்தை ஃபோமில் வெட்டுங்கள். அடியை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். அதே அளவுக்கு 3 மி.மீ. பிளைவுட் தட்டை அறுத்து, நான்கு மூலைகளையும் உருட்டிவிடுங்கள். கூர்மூலை இருந்தால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பள்ளத்தின் அடியில் ஒரு தீக்குச்சியால் பத்துப் பன்னிரண்டு துளைகளை விரல் நக அளவு ஆழத்துக்குக் குத்துங்கள். முப்பது நிமிட எபாக்ஸியை ஊற்றும்போது பசை இந்தத் துளைகளுக்குள் இறங்கி, வேர்விட்டதுபோல் ஃபோமைப் பிடித்துக்கொள்ளும். தட்டை அழுத்தி, மேலே ஒரு செங்கல்லைப் பாரமாக வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் துண்டை மறுநாள் இந்தத் தட்டின்மேல் நைலான் திருகுகளால் பூட்ட வேண்டும், எஃகுத் திருகால் அல்ல. பெரிய அடி விழும்போது நைலான் திருகு அறுந்து சக்கரம் தனியே கழன்றுவிடும், உடல் தப்பிக்கும்; அறுந்த திருகுக்கு மாற்று ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்தில் பூட்டிவிடலாம்.

முன்சக்கரம் உள்ள அமைப்பை விட்டு, முன்னால் இரண்டும் வாலில் ஒன்றுமாக மாற்றிக்கொள்வது நல்லதா என்ற கேள்வி அடுத்து வரும். கரடுமுரடான தரைக்கு வால்சக்கர அமைப்பே பொருத்தமானது. ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், ஒடிவதற்கு முன்சக்கரம் என்ற ஒன்றே இராது. ஆயினும் ஓடும்போது நேராக ஓட்டுவதற்கு ரட்டரில் கை பழகியிருக்க வேண்டும் என்பதால், முதல் பத்துப் பறத்தல் வரை முன்சக்கரத்தோடு இருந்துவிட்டுப் பிறகு மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். மாற்றும்போது, ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்த பெரிய சக்கரங்களை முன்னுக்குக் கொண்டுவந்து, அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர்கீழே வரும்படி அமைக்க வேண்டும். அதைவிடப் பின்னால் வைத்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் மூக்குக் குத்தும்.

எல்லாம் பூட்டியான பிறகு, பறக்கும் நிலையில் பேட்டரியோடு வைத்து ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள், நம் 22 செ.மீ. இறக்கையில் 55 முதல் 66 மி.மீ. தொலைவுக்குள், அது அமைய வேண்டும். முதல் நாளுக்கு 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் அடியில் இருபுறமும் இந்த அளவைப் பேனாவால் குறித்து, இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளால் தூக்கினால் மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் முதலில் பேட்டரியை முன்னே தள்ளிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கணக்கு எளியது: வாலில், மையத்திலிருந்து 70 செ.மீ. பின்னால் 20 கிராம் கூடியிருந்தால், மையத்துக்கு 28 செ.மீ. முன்னால் மூக்கில் 50 கிராம் ஈயம் வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சொட்டுப் பசையைக்கூட எண்ணிச் செலவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவே. வால் கனத்த விமானம் எழும்பிய சில விநாடிகளில் நம் கையை விட்டுப் போய்விடும்.

ரேடியோச் சோதனையில் மறக்கக்கூடாதவை மூன்றே. ஐலரான் குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து ஐலரான் மேலே எழ வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். ஃபெயில்சேஃப் எனப்படும் இந்த ஏற்பாட்டை அமைக்காத விமானத்தைக் களத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். டிரான்ஸ்மிட்டரின் அலை வலுவைக் குறைத்துக் காட்டும் ரேஞ்ச் சோதனை நிலையில் முப்பது மீட்டர் நடந்து போய், அங்கிருந்து எல்லா அசைவும் தடங்கலின்றி நடப்பதை ஒருவரை விமானத்தருகே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நண்பகலில் நம் வானம் வெளிறிப்போய் வெண்மையாகவே இருக்கும். வெள்ளை ஃபோம் விமானம் நூறு மீட்டர் தள்ளிப் போனதும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் போகும். இறக்கையின் அடியில் அகலமான கறுப்புப் பட்டைகளும், மேலே சிவப்போ ஆரஞ்சோ நிறமும் ஒட்டிவிடுங்கள். ஒட்டுநாடா போதும், வண்ணம் பூச வேண்டாம்.

களம் தேர்வதில் முதல் வேலை வரைபடம் பார்ப்பது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்படும் பகுதியில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிடலாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் அந்த உச்சம் 60 மீட்டராகக் குறைகிறது. காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் ஓமலூர்ப் பக்கத்து ஏரிகளும் காடுகளும் எவ்வளவு அகன்று கிடந்தாலும் வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே போக வேண்டாம். ஏரிப்படுகை என்றால் முதலில் வெறுங்கையோடு நடந்து, வெடிப்புகளும் முள்ளும் இல்லாத நாற்பது மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, நான்கு மூலையிலும் கல் வைத்து அடையாளமிடுங்கள். ஆத்தூர்ச் சாலையில் ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்கள் அரவை இல்லாத மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அந்தச் சிமெண்ட் தளத்தில் ஓட்டப் பயிற்சி மட்டும் செய்யலாம். பறக்க விடுவதற்கு அதைச் சுற்றி மின்கம்பிகளும் கட்டடங்களும் அதிகம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஒன்றே கால் கிலோ ஃபோமின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தை முதல் பங்குனி வரையிலான விடியற்காலைகளில், மரக்கிளையின் நுனி அசையாத நேரத்தில், முதல் பறத்தலை வைத்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்து நிறுத்தி, த்ராட்டிலை மூன்று விநாடியில் சீராக முழுவதும் ஏற்றி, விமானம் தானாக இலேசாவதைக் கண்டபின் எலிவேட்டரை விரல்நுனியால் இழுங்கள். மூன்று பனைமர உயரம் ஏறும்வரை திருப்பாதீர்கள். அங்கே த்ராட்டிலைப் பாதியாக்கி, கையை விட்டால் நேராகப் பறக்கும்வரை டிரிம் செய்யுங்கள். பிறகு அதே உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, மூக்கை மெல்லத் தூக்கி, விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து) மூக்கைச் சாய்க்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். நம் அளவுள்ள விமானத்துக்கு அது மணிக்கு 28 கி.மீ. சுற்றில் இருக்கும், இறங்கும்போது அதைவிடக் கால்பங்கு கூடுதல் வேகத்தில் வர வேண்டும். பருந்து ஒன்று வந்து உடன் வட்டமிட்டால் வேடிக்கை பார்க்கத் தோன்றும். உயரத்தைக் குறைத்து விலகிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஐம்பது பறத்தலுக்குப் பிறகு விமானம் சலிப்புத் தட்டும். அப்போது ஈர்ப்பு மையத்தை மூன்று மூன்று மி.மீ. ஆகப் பின்னே நகர்த்தி, எலிவேட்டர் அசைவை 14 மி.மீ. ஆக்கலாம். இறக்கை இணைப்புக் குழாய் வளைந்த வகையாக இருந்தால், பாதி வளைவுள்ள குழாயைப் போட்டு டைஹெட்ரலைப் பாதியாகக் குறைக்கலாம். விமானம் தானாக நிமிர்வதை விட்டு, சாய்த்த இடத்தில் நிற்கும், உருளவும் செய்யும். இதைப் பத்தாவது நாளிலேயே செய்து பார்த்தவர்களின் விமானங்களை நான் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோருக்குச் சில திருத்தங்கள் உண்டு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால் இருபது கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பதினான்கு விழுக்காடு குறைவு. ப்ரொப்பெல்லரின் இழுவை அதே அளவு குறையும். ஸ்டால் வேகம் 28-லிருந்து 30 ஆக ஏறும். எழும்பவும் இறங்கவும் கூடுதல் நீளம் வேண்டும். கீழே பழகிய கண், அதே வேகம் என்று எண்ணி இறக்கிக்கொண்டுவந்து கடைசி இரண்டு மீட்டரில் தொப்பென்று போடும். திறந்தவெளியும் அங்கே அரிது. காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் உச்சியில் மாட்டிய விமானத்தை ஆள் ஏறி எடுக்க முடியாது. அனுமதி பெற்ற விளையாட்டு மைதானம் ஒன்றே வழி. மலைச்சரிவின் விளிம்பு பறக்கவிட அழகான இடமாகத் தோன்றினாலும், முகட்டைத் தாண்டும் காற்று மறுபுறம் சுருண்டு கீழே அமுக்கும். அந்தச் சுருளுக்குள் நுழைந்த பயிற்சி விமானத்துக்கு மீண்டுவரும் ஆற்றல் இல்லை. மஞ்சு ஏறத் தொடங்கினால் பேட்டரியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உடனே இறக்கிவிடுங்கள். ஐம்பது மீட்டரில் இருக்கும் விமானம் இரண்டு விநாடியில் மறைந்துவிடும்.

இழுவைக் குறைவை ஈடுகட்ட 10×5 ப்ரொப்பெல்லரைக் கழற்றி 10×6 மாட்டுங்கள். மெலிந்த காற்றில் அது மோட்டாருக்குத் தரும் சுமை, கீழே 10×5 தந்த சுமைக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கும். மலையிறங்கி, மறுவாரம் ஏரிக்குப் போகும் முன் அதைக் கழற்றிப் பழையதைப் போட்டுவிடுங்கள். மறந்துபோய் அதோடு சேலத்து வெயிலில் ஏற்றினால் 26 ஆம்பியர் இழுத்த மோட்டார் 30-ஐத் தாண்டி இழுக்கும், இறங்கியதும் விரல் வைக்க முடியாது. நான் இரண்டு ப்ரொப்பெல்லர்களின் நடுவிலும் வெவ்வேறு நிறத்தில் நகப்பூச்சு வைத்திருக்கிறேன், மலைக்குச் சிவப்பு, ஊருக்கு நீலம்.